61 டொக்கு, ஒரு தப்பு: ஆலங்கட்டி மழையில் மாட்டிய கொரோலா

வண்டி 2017 மாடல் டொயோட்டா கொரோலா குவெஸ்ட். வெள்ளி நிறம், மெட்டாலிக். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் பிராஸ்பெக்டன் ஆலையில் செய்து இங்கேயே விற்ற கார். உரிமையாளர் ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை. வார இறுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறார். நான்காம் தலைமுறைத் தென்னாப்பிரிக்கத் தமிழர் என்பதால் அவர் பேசுவது புத்தகத் தமிழ், கார் தகட்டில் விழுந்த டொக்கைப் பெயிண்ட் அடிக்காமல் எடுக்கும் நான் பேசுவது கோயம்புத்தூர்ப் பட்டறைத் தமிழ். "வண்டியில எத்தனை டொக்கு விழுந்துச்சுன்னு எண்ணுனீங்களாக்கா?" என்று போனில் கேட்டதற்கு, "டொக்கு என்றால் என்ன தம்பி?" என்று கேட்டார். ஒடுக்கு என்றேன். அதுவும் பிடிபடவில்லை. பள்ளம் என்றதும் புரிந்துகொண்டார்.

நவம்பர் மாதத்து ஒரு பிற்பகல். காலையில் வெயில் கொளுத்தும், மூன்று மணிக்கு மேல் வானம் கருக்கும், ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஜோகன்னஸ்பர்க் வட்டாரத்தில் அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை இதுதான் வழக்கம். ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தில் இருப்பதால், மேகத்தில் உறைந்த கட்டி உருகுவதற்குள் தரைக்கு வந்துவிடுகிறது. கடலோர டர்பனில் மழைத்துளியாக விழக்கூடியது இங்கே கல்லாக விழும். 2013 நவம்பர் 28 அன்று பெய்ததை இந்தப் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். இந்தக் கொரோலா மாட்டிய மழை அந்தக் கணக்கில் வராது. ஏழெட்டு நிமிஷம்தான். வண்டி கூரையில்லாத வாசலில் நின்றது, அவ்வளவே.

அக்கா ஒரு காரியம் செய்திருந்தார். நாலைந்து கட்டிகளைப் பொறுக்கி ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்திருந்தார். பெரும்பாலானவை 5 ராண்ட் நாணயம் அளவு, அதாவது 26 மில்லிமீட்டர். ஒன்று மட்டும் எலுமிச்சங்காய் அளவு. இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும், ஆனால் சின்னதில்லை. கட்டியின் குறுக்களவு இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். விழும் வேகமும் கூடுவதால், தகட்டில் இறங்கும் ஆற்றல் கிட்டத்தட்ட பதினாறு மடங்கு. ஒரே வண்டியில் விரலால் தடவினால்கூடத் தெரியாத டொக்கும், தண்ணீர் தேங்கும் அளவுக்கு டொக்கும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது இதனால்தான்.

தென்னாப்பிரிக்காவில் வண்டிக்குக் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. கடன் கொடுத்த வங்கிதான் கட்டாயப்படுத்தும். அக்கா கடனை அடைத்து முடித்ததும் காப்பீட்டை நிறுத்திவிட்டார். எனவே செலவு அவர் கையிலிருந்து. பேனல் பீட்டர் (இங்கே பாடி பட்டறைக்கு அதுதான் பெயர்) ஒருவர் பானட், கூரை, டிக்கி மூன்றையும் பட்டி வைத்துப் பெயிண்ட் அடிக்கவேண்டும் என்று சொன்ன விலை, நான் சொன்ன 9,800 ராண்டைப் போல மூன்று மடங்குக்கு மேல். அவர் ஏமாற்றப் பார்த்தார் என்று சொல்லமாட்டேன். அந்த முறையில் அந்த வேலைக்கு அவ்வளவு ஆகத்தான் செய்யும்.

பெயிண்ட் அடிக்காமல் எடுக்கலாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் விலை மட்டும் இல்லை. ஆலையில் அடிக்கும் பெயிண்டை ஏறத்தாழ 140 டிகிரியில் சுடுகிறார்கள். அப்போது வண்டியில் கண்ணாடி, ரப்பர், ஒயர் எதுவும் இருக்காது, வெறும் இரும்புக் கூடு. பட்டறையில் முழு வண்டியை அடுப்புக்குள் விட்டு அந்தச் சூடு கொடுக்கமுடியாது. 60 டிகிரி சுமாருக்குத்தான் போகலாம். ஆலைப் பெயிண்ட் தகட்டை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருப்பதால்தான், தகட்டை நாம் பின்னாலிருந்து நெம்பும்போது அதுவும் கூடவே வளைந்து கொடுக்கிறது. கடைசியில் நடந்த கூத்துக்கும் இதே விஷயம்தான் காரணம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

வண்டியைக் கழுவித் துடைத்து, ஷெட்டுக்குள் விட்டு, வரி விளக்கை வைத்துப் பார்த்தேன். வரி விளக்கு என்பது பெரிய சமாச்சாரம் இல்லை. எல்.இ.டி. பலகையில் வெள்ளையும் கறுப்பும் கோடு கோடாக இருக்கும். தகடு நேராக இருந்தால் கோடும் நேராகப் பிரதிபலிக்கும். டொக்கோ புடைப்போ இருக்கும் இடத்தில் கோடு வளைந்து நெளியும். வெள்ளி நிறத்தில் வெறும் கண்ணுக்கு முப்பதுதான் தெரிந்தது. விளக்கில் 61: கூரையில் 27, பானட்டில் 16, டிக்கி மூடியில் 9, கூரையின் இடது ஓரச் சட்டத்தில் 3, வலதில் 2, வலது முன் ஃபெண்டரில் 1, இடது பின்பக்க குவார்ட்டர் பேனலில் (பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் பக்கத் தகடு) 3. மெழுகுப் பென்சிலால் ஒவ்வொன்றையும் வட்டம் போட்டேன். அக்கா வந்து பார்த்துவிட்டு, "அம்மை போட்டது போல இருக்கிறதே தம்பி" என்றார்.

அதற்கப்புறம் மீட்டர். பெயிண்ட் எத்தனை மைக்ரான் தடிமன் என்று காட்டும் கையடக்கக் கருவி. ஆலைப் பெயிண்ட் பொதுவாக 90-லிருந்து 150-க்குள் வரும். கூரையில் 104, 110, 107. பானட்டில் 112, 118. டிக்கியில் 109. சரி, ஒரிஜினல் என்று முடிவு கட்டினேன். ஓரச் சட்டங்களையும் ஃபெண்டரையும் அளந்தேன். இடது குவார்ட்டர் பேனல் சுவரை ஒட்டி நின்றது. வண்டியைத் திருப்பி நிறுத்திய பிறகு அளக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

முதலில் கூரை. உள்கூரைத் துணியை இறக்கவேண்டும்: சன் வைசர், கைப்பிடிகள், உள்விளக்கு, தூண்களின் மேல் இருக்கும் பிளாஸ்டிக், கதவு ரப்பர், எல்லாவற்றையும் கழற்றி, துணிப் பலகை மடியாமல் கீழே தாழ்த்தி சீட்டின் மேல் படுக்கவைப்பது. அது ஒரு தடவை மடிந்தால் மடிப்பு போகவே போகாது. பக்கவாட்டில் காற்றுப்பை உள்ள வண்டியாக இருந்தால் தூண் பிளாஸ்டிக்கைத் தொடுமுன் பேட்டரியைக் கழற்றிப் போட்டுவிட வேண்டும். இதில் மட்டும் சோம்பல் கூடாது.

தகட்டுக்கு ஞாபகம் உண்டு, நீவி விட்டால் பழைய வடிவத்துக்குத் தானே திரும்பும் என்று இந்தத் தொழிலில் பலர் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பாதிதான் உண்மை. ஆலங்கட்டி விழுந்த இடத்தின் நடுவில் நாணயத்தைவிடச் சின்ன பகுதிதான் நிஜமாகவே இழுபட்டு வடிவம் மாறியிருக்கிறது. அதைச் சுற்றியிருக்கும் பெரிய பள்ளம் ஸ்பிரிங் மாதிரி. திரும்பி வரத்தான் பார்க்கிறது, நடுவில் இருக்கும் முடிச்சு விடமாட்டேன் என்கிறது. அந்த முடிச்சு இறங்கும்போது சுற்றிலும் வயல் வரப்பு மாதிரி ஒரு சின்ன மேட்டையும் எழுப்பிவிட்டிருக்கும். பழகாத கண்ணுக்குப் பள்ளம் மட்டும்தான் தெரியும். அதனால் நடுவை மட்டும் குத்திக் குத்தி எழுப்புவார்கள். வரப்பு அப்படியே நிற்க, நடுவில் கொப்புளம் வந்து சேரும்.

என் வழி இதற்கு நேர்மாறு. நைலான் முனை வைத்த குச்சியால் வெளியிலிருந்து வரப்பை மெல்லத் தட்டி இறக்குவேன். சுற்றியிருக்கும் பிடிப்பு தளர்ந்ததும் உள்ளிருந்து கம்பியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சின்னச் சின்ன அழுத்தமாகக் கொண்டுபோவேன். ஒரு டொக்குக்கு நாற்பது ஐம்பது அழுத்தம் சாதாரணம். கம்பி முனை எங்கே இருக்கிறது என்று உள்ளே எட்டிப் பார்க்கமுடியாது. விளக்குக் கோடு எங்கே அசைகிறதோ அங்கேதான் முனை. ஆரம்பத்தில் இந்தக் கண்ணும் கையும் ஒன்று சேர்வதற்கே எனக்கு எட்டு மாதம் பிடித்தது. குப்பையில் கிடந்த பழைய பானட்டுகளில்தான் பழகினேன்.

ஊரில் பித்தளைக் குடத்துக்கு ஒடுக்கு எடுப்பவர் தெருவில் வருவார். குடத்துக்குள் வளைந்த இரும்பை விட்டு, வெளியே மரச் சுத்தியால் தட்டுவார். கொள்கை அதுவேதான். என்ன, அவருக்குக் குடத்தில் ஒரு தட்டு கூடக்குறைய விழுந்தால் பரவாயில்லை. கார் தகடு 0.7 மில்லிமீட்டர் சுமார். அதன் மேல் பெயிண்ட் எல்லாம் சேர்த்து அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான்.

கூரையில் நேரம் தின்றது குறுக்குச் சட்டங்களின் மேல் இருந்த நாலு டொக்கு. அங்கே தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் கறுப்பு மாஸ்டிக் பசை இருக்கும். அதை மெல்லிய தட்டைக் கம்பியால் கொஞ்சமாகப் பிரித்து, இடுக்கில் நுழைந்து வேலை செய்யவேண்டும். முடிந்ததும் அங்கே மறுபடி பசை வைக்காவிட்டால் கரடுமுரடான ரோட்டில் கூரை கடகடவென்று ஆடும். மூன்று நன்றாக வந்தது. நாலாவது, அந்த எலுமிச்சங்காய் விழுந்தது, தொண்ணூறு சதவீதம் வந்து நின்றுவிட்டது. தகடு அங்கே இழுபட்டிருந்தது. இன்னும் அழுத்தினால் எண்ணெய் டின்னின் அடிப்பக்கம் மாதிரி உள்ளே வெளியே டொக் டொக்கென்று போய் வரும். அந்த நிலைக்குத் தள்ளிவிட்டால் அப்புறம் யாராலும் சரிசெய்ய முடியாது. நிறுத்தினேன். வரி விளக்கில் இன்னும் ஒரு சின்ன நெளிவு தெரியும். வெயிலில் தெரியாது. கூரைக்கு மட்டும் ஏழு மணி நேரம்.

டிக்கியும் ஃபெண்டரும் சொல்லும்படியாக எதுவும் இல்லை. பானட்டில் 14 வந்தது. முன் ஓரத்தில் இருந்த இரண்டைத் தொடவில்லை. அங்கே வெளித்தகடு மடித்து உள்தகட்டைக் கவ்வியிருக்கிறது. கம்பி போக வழி இல்லை. சிலர் உள்தகட்டில் துளை போட்டு வழி உண்டாக்குவார்கள். துளை போட்ட இடத்தில் துரு வரும், எனக்கு அது பிடிக்காது. ஏற்கெனவே ஆலையில் விட்ட துளை எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் வேலை, புதிதாகப் போடுவது வேலை இல்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயம். அக்காவின் அண்ணன் மகன், ஹேர் டிரையரால் சூடாக்கி, உடனே அழுத்தக் காற்றுக் குப்பியைத் தலைகீழாகப் பிடித்துக் குளிர்ந்த காற்றை அடித்தால் டொக்கு தானே எழும்பும் என்று ஃபோனில் பார்த்துவிட்டு டிக்கியில் ஒன்றில் முயன்றிருக்கிறான். எழும்பவில்லை. வெந்நீர் ஊற்றினால் பம்பர் சரியாகும் என்பது உண்மை, ஏனென்றால் பம்பர் பிளாஸ்டிக், சூட்டில் இளகும். இரும்புத் தகடு அந்தச் சூட்டில் இளகாது. நடுவில் இழுபட்டுப்போன முடிச்சு குளிர் காற்றால் அவிழாது. நானும் சூடு வைக்கிறேன், ஆனால் டொக்கை எழுப்ப அல்ல. குளிர்ந்த பெயிண்ட் நெம்பும்போது வெடிக்கும், அதனால்தான். கை வைத்தால் பொறுக்கும் அளவு வெதுவெதுப்பு போதும்.

இரண்டாம் நாள் மத்தியானம் கரண்ட் போனது. லோட்ஷெட்டிங் என்று இங்கே சொல்வார்கள். வரி விளக்கு பேட்டரியில் ஓடும், ஆனால் பசைத் துப்பாக்கிக்கு 230 வோல்ட் வேண்டும். ஓரச் சட்டங்களும் குவார்ட்டர் பேனலும் இரட்டைத் தகடு. உள்ளே கம்பி போகாததால் வெளியிலிருந்து பசை வைத்து இழுக்கவேண்டிய இடங்கள். அதனால் திட்டம் மாறியது. பகலில் பானட்டை முடித்துவிட்டு, கரண்ட் வந்த பிறகு இரவு எட்டு மணிக்குப் பசை வேலையை ஆரம்பித்தேன். மறுநாள் வகுப்புக்கு வண்டி வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தார். அவசரம் என்னுடையது, அவர் துரத்தவில்லை.

பசை இழுப்பு இப்படி: டொக்கின் நடுவை ஸ்பிரிட்டால் துடைத்து, காளான் வடிவப் பிளாஸ்டிக் குமிழில் சூட்டுப் பசை வைத்து ஒட்டி, பசை ஆறி இறுகும் சரியான கணத்தில் சின்ன நெம்புகோலால் இழுப்பது. சீக்கிரம் இழுத்தால் பசை நூலாக நீளும், நேரம் கழித்து இழுத்தால் பிடிப்பு விட்டுப் பொட்டென்று கழன்றுவிடும். டொக்கு கொஞ்சம் மேலே எழும்பும் வரை இழுத்து, பிறகு தட்டிச் சமன்படுத்த வேண்டும். மிச்சப் பசையில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தெளித்தால் தோல் மாதிரி உரிந்து வரும். ஓரச் சட்டங்களில் ஐந்தும் ஒன்பதரை மணிக்குள் முடிந்தது. வண்டியைத் திருப்பி நிறுத்தி, குவார்ட்டர் பேனலில் முதல் குமிழை ஒட்டி இழுத்தேன்.

குமிழ் வந்தது. கூடவே 2 ராண்ட் நாணயம் அளவுக்குப் பெயிண்டும் வந்தது. அடியில் சாம்பல் பிரைமர். அதற்கும் அடியில் பழுப்பு நிறத்தில் பட்டி.

அப்போதுதான் மீட்டரை எடுத்தேன். சக்கரத்துக்கு மேலே 290 மைக்ரான். விளக்குப் பக்கம் 340. கதவை ஒட்டிய ஓரத்தில் 120. யாரோ அந்தப் பேனலின் பின்பாதியில் பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். நிறத்தைக் கச்சிதமாகச் சேர்த்திருந்தார்கள், பாராட்டவேண்டிய வேலை. 60 டிகிரியில் சுட்ட பெயிண்ட், பட்டியின் மேல் உட்கார்ந்திருப்பது. அதன் பிடிப்பை என் பசை வென்றுவிட்டது. ஆலைப் பெயிண்டில் இதே இழுப்பு ஒன்றும் செய்திருக்காது.

மறுநாள் காலையில் அக்காவிடம் காட்டினேன். வண்டியை இரண்டாவது கையாக வாங்கியபோது விபத்து எதுவும் இல்லை என்று விற்றவர் சொன்னாராம். "நீங்கள் முதலிலேயே அளந்து பார்க்கவில்லையா தம்பி?" என்று கேட்டார். கோபமாக இல்லை, வீட்டுப்பாடம் செய்யாத பையனைக் கேட்பது மாதிரி. இல்லை என்றேன். மற்ற எல்லாப் பேனலையும் அளந்தவன், ஒன்றை மட்டும் சுவர் மறைக்கிறது என்று விட்டதற்கு என்ன பதில் சொல்வது? பழைய பட்டி அங்கே இருந்தது என் குற்றம் இல்லை. அது இருப்பது தெரியாமல் பசை வைத்தது என் குற்றம். முன்கூட்டியே அளந்திருந்தால் அந்த மூன்று டொக்கையும் விட்டுவிட்டு, "இது பெயிண்ட் வேலை அக்கா, வேண்டுமானால் செய்யலாம், வேண்டாமானால் இப்படியே இருக்கலாம்" என்று சொல்லியிருப்பேன். தேர்வு அவர் கையில் இருந்திருக்கும். நான் அதைப் பிடுங்கிவிட்டேன்.

அந்தப் பேனலுக்கான பெயிண்ட் செலவு முழுவதையும் நான் ஏற்பதாகச் சொன்னேன். அவர் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் தெருவிலேயே இருக்கும் பேனல் பீட்டரிடம் கொடுத்தேன். பழைய பட்டியை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்தார், பின்கதவின் பாதி வரை நிறத்தைக் கலந்துவிட்டார்.

கணக்கு இப்படி நின்றது: 61-இல் 56 பெயிண்ட் இல்லாமல் வந்தது, அதில் ஒன்று முழுமையாக இல்லை. இரண்டு பானட் ஓரத்தில் அப்படியே இருக்கிறது. மூன்று பெயிண்டுக்குப் போனது. என் கை வேலை மொத்தம் 17 மணி நேரம். இப்போது வண்டி எந்தப் பக்கம் சுவரை ஒட்டி நின்றாலும் முதலில் திருப்பி நிறுத்தி, ஒவ்வொரு பேனலிலும் ஐந்து இடம் அளந்து, எண்ணை அந்தப் பேனலின் மேலேயே மெழுகுப் பென்சிலால் எழுதுகிறேன். 200-க்கு மேல் காட்டினால் பசைத் துப்பாக்கியை ஷெல்ஃபிலிருந்தே எடுப்பதில்லை.

வெள்ளி மெட்டாலிக்கில் அலுமினியத் துகள் எந்தப் பக்கம் சாய்ந்து படிகிறதோ அதைப் பொறுத்து நிறம் மாறித் தெரியும். நேராகப் பார்த்தால் பேனல் சரியாகப் பொருந்தும். சாயங்கால வெயில் பக்கவாட்டில் அடிக்கும்போது ஒரு இழை கறுக்கும். அக்கா இதுவரை அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. அவர் கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன். எனக்கு மட்டும் கோல்டன் ஹைவே போகும் வழியில் ரோபோட்டில், அதாவது சிக்னலில், அந்த வண்டிக்குப் பின்னால் போய் நின்றால் கண் நேரே அங்கேதான் போகிறது.